முதல் செமஸ்டரிலேயே தடுமாறுகிறேன்: பிராக்டிகல் நர்சிங் முடித்தவர்கள் எப்படிப் படித்தீர்கள்?

ஈரக்காற்று

வணக்கம். பிராக்டிகல் நர்சிங் முதல் செமஸ்டரில் இருக்கிறேன். வயது 34. பள்ளிப் படிப்பு முடிந்து பதினாறு வருஷம் கழித்து மறுபடி புத்தகத்தைக் கையில் எடுத்திருக்கிறேன். வீட்டில் இரண்டு குழந்தைகள்.

அடிப்படை நர்சிங் பாடத்தில் முதல் தேர்வில் 60, இரண்டாவதில் 64. எங்கள் வகுப்பில் 75 எடுத்தால்தான் தேர்ச்சி. தினமும் நான்கு மணி நேரம் படிக்கிறேன். ஒரு பாடத்தை மூன்று முறை வாசித்து, முக்கியமான வரிகளில் மஞ்சள் மார்க்கர் போடுகிறேன். இப்போது பக்கம் முழுக்க மஞ்சளாக இருக்கிறது. வாசிக்கும்போது எல்லாம் புரிகிறது. தேர்வில் உட்கார்ந்தால் நான்கு விடைகளில் இரண்டைத் தள்ளிவிடுகிறேன், மிச்சமிருக்கும் இரண்டில் தவறானதையே எடுக்கிறேன். போதாததற்கு ஸ்கில்ஸ் லேபில் (செய்முறைப் பயிற்சி அறையில்) ரத்த அழுத்தம் பார்க்கும்போது கை நடுங்கி, அதிலும் மறுவாய்ப்பு வாங்கியிருக்கிறேன்.

அடுத்த தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கிறது. இந்தப் படிப்பு எனக்கு வேண்டும். என் அம்மாவைக் கடைசி நாட்களில் பார்த்துக்கொண்ட நர்ஸ் மாதிரி நானும் ஒருவருக்கு இருக்க வேண்டும் என்றுதான் சேர்ந்தேன். இதைக் கடந்து வந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

இரண்டாம்_செமஸ்டர்

அக்கா, என் முதல் தேர்வு மதிப்பெண் 58. இப்போது இரண்டாம் செமஸ்டரில் இருக்கிறேன், அதனால் முதலில் கொஞ்சம் மூச்சு விடுங்கள்.

ஒரே ஒரு கேள்வி. திருத்திய தாளை ஆசிரியரிடம் உட்கார்ந்து பார்த்தீர்களா? மதிப்பெண்ணை விடுங்கள். எந்தக் கேள்வி ஏன் தவறானது என்று பார்த்தீர்களா? எல்லாத் தவறுகளும் ஒரே ஜாதி இல்லை. பாடமே தெரியாமல் விட்டது ஒன்று. கேள்வியைச் சரியாக வாசிக்காதது இன்னொன்று. தெரிந்தும் தவறாக முடிவெடுத்தது மூன்றாவது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. அதைப் பிரிக்காமல் இன்னும் இரண்டு மணி நேரம் கூடப் படித்தால் களைப்புதான் மிஞ்சும்.

ஈரக்காற்று

இன்று போய்ப் பார்த்தேன் தம்பி. 50 கேள்விகளில் 18 தவறு. அதில் எனக்குச் சுத்தமாகத் தெரியாதது 3 மட்டும்தான். ‘முதலில்’ என்ற சொல்லைக் கவனிக்காமல் விட்டது 4. மிச்சம் 11-ம் அந்த ‘இரண்டில் ஒன்று’ வகை. பாடம் தெரிந்திருக்கிறது, ஆனாலும் தவறு. இதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. ஆனால் ஒரு நிம்மதியும் இருக்கிறது. எனக்கு மண்டையில் ஏறவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வார்டு_விளக்கு

ஒன்பது வருஷமாக வார்டில் வேலை செய்கிறேன். உங்கள் 11 கேள்விகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் தேர்ச்சி அதில்தான் இருக்கிறது.

பள்ளியில் ‘இது என்ன’ என்று கேட்டார்கள். நர்சிங் தேர்வில் ‘இப்போது நீ என்ன செய்வாய்’ என்று கேட்கிறார்கள். நான்கு விடைகளுமே நர்ஸ் செய்யக்கூடிய சரியான காரியங்களாக இருக்கும். அந்த நிமிடத்தில் எது முன்னால் வரும் என்பதுதான் கேள்வி. ‘இது சரியா’ என்று ஒவ்வொரு விடையாகப் பார்த்தால் இரண்டு மூன்று சரியாகத்தான் தெரியும். ‘இந்த ஒன்றை மட்டும் செய்துவிட்டு அறையை விட்டுப் போக வேண்டும் என்றால் எதைச் செய்வேன்’ என்று கேட்டுப் பாருங்கள்.

முன்னுரிமைக்கு உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள்: மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம் என்ற வரிசை. 1943-இல் மாஸ்லோ எழுதிய தேவைகளின் படிநிலையையும் நடத்தியிருப்பார்கள்: உடல் தேவை முதலில், அப்புறம் பாதுகாப்பு, மனத் தேவைகள் அதற்கு மேலே. இவற்றோடு நர்சிங் செயல்முறை: மதிப்பிடு, நோயறி, திட்டமிடு, செய், பலனைப் பார். மாணவர்கள் இதை ஐந்து சொற்களாக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். தேர்வில் இதுதான் சாவி.

படுத்திருக்கும் நோயாளி ‘தலை சுற்றுகிறது’ என்கிறார். டாக்டரைக் கூப்பிடுவது, ரத்த அழுத்தம் பார்ப்பது, குடிக்கத் திரவம் கொடுப்பது, குறிப்பேட்டில் எழுதுவது என்று நான்கு விடைகள். ரத்த அழுத்தம் பார்ப்பதுதான் பதில். கையில் தகவல் இல்லாமல் டாக்டரைக் கூப்பிட்டால் அவர் கேட்கும் முதல் கேள்வியே ‘பிரஷர் எவ்வளவு’ என்பதுதான்.

இப்போது வேறொன்று. அறுவை சிகிச்சை முடிந்த நோயாளி மூச்சு வாங்குகிறார், ஆக்சிஜன் அளவு 86 சதவீதம். ஆக்சிஜன் அளவை மறுபடி பார்ப்பது, தலைப்பக்கம் உயர்த்தி உட்கார வைப்பது, வலி எவ்வளவு என்று கேட்பது, குறிப்பேட்டில் எழுதுவது. ‘மதிப்பிடு முதலில்’ என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே மறுபடி அளவு பார்க்கப் போய்விடுவார்கள். ஆனால் மதிப்பீட்டைக் கேள்வியே செய்து கொடுத்துவிட்டது. இனி செயல். தலைப்பக்கத்தை உயர்த்துங்கள், உடனே.

இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிறதா? முடிவெடுக்கப் போதுமான தகவல் கேள்விக்குள் இருக்கிறதா இல்லையா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மதிப்பீடு, இருந்தால் செயல். என் முதல் வருஷத்தில் இதை யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் பல இரவுகள் தூங்கியிருப்பேன்.

பழைய_ஆசிரியை

பல வருஷம் முதல் செமஸ்டருக்குப் பாடம் எடுத்தவள். மஞ்சள் மார்க்கரைப் பற்றிப் பேச வேண்டும்.

அம்மா, நீங்கள் நான்கு மணி நேரம் செய்வது வாசிப்பு. மூன்றாவது முறை வாசிக்கும்போது வரிகள் கண்ணுக்குப் பழகியிருக்கும். அந்தப் பழக்கத்தை மனம் ‘தெரியும்’ என்று எடுத்துக்கொள்கிறது. தேர்வில் புத்தகம் இல்லை. உள்ளேயிருந்து எடுத்துத்தர வேண்டும். எடுத்துப் பழகாத ஒன்றை அன்றைக்கு மட்டும் எப்படி எடுப்பது?

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் பொருளில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். மறதி முதல் நாளிலேயே செங்குத்தாக இறங்குகிறது, பிறகு மெதுவாகிறது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு பகுதியை மறுபடி வாசித்தவர்களையும், வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் நன்றாகவே முந்திவிட்டார்கள். உங்கள் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே.

அதனால் இப்படிச் செய்யுங்கள். படுக்கைப் புண் பாடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை நிதானமாக வாசியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். வெற்றுத்தாளை எடுத்து, தெரிந்ததையெல்லாம் எழுதுங்கள். முதல் நிலையில் தோல் கிழியாது, ஆனால் சிவப்பு அழுத்தினாலும் வெளுக்காது. இரண்டாவதில் மேல்தோல் போயிருக்கும். மூன்றாவதில் கொழுப்பு தெரியும். நான்காவதில் தசையோ எலும்போ தெரியும். எங்கே பேனா நிற்கிறதோ அங்கேதான் நீங்கள் படிக்க வேண்டும். புத்தகத்தைத் திறந்து அந்த இடத்தை மட்டும் வேறு நிற மையில் நிரப்புங்கள். மறுநாள் இன்னொரு வெற்றுத்தாள். மூன்று நாள் விட்டு இன்னொன்று, ஒரு வாரம் விட்டு மற்றொன்று. கடைசித் தாளில் வேறு நிற மை குறைந்திருக்கும். அந்தத் தாளை நம்பலாம்.

எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் ‘ஏன்’ கேளுங்கள். ஏன் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கிறோம்? எலும்பு மேடுகளில் அழுத்தம் விழுந்து நுண்குழாய்களில் ரத்தம் போகாமல் திசு சாகிறது. இது புரிந்தால் குதிகால், வால் எலும்பு, இடுப்பு என்று எங்கெல்லாம் புண் வரும் என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

முதல் இரண்டு நாள் இது வேதனையாக இருக்கும். தாள் பாதி காலியாகக் கிடக்கும். பயந்து மார்க்கருக்குத் திரும்பிவிடாதீர்கள்.

நைட்_டூட்டி

டீச்சர் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் வேலை, குழந்தை என்று இருப்பவர்களுக்குத் தாள் தாளாக எழுத நேரம் ஏது? நான் பாடப்புத்தகத்தைத் திறந்ததே குறைவு. வினா வங்கியை மட்டும் போட்டுத் தள்ளினேன், தேர்ச்சி பெற்றேன். மூன்று வாரம்தான் இருக்கிறது என்றால் கேள்விகளைப் போடுங்கள், அவ்வளவுதான்.

வார்டு_விளக்கு

நைட் டூட்டி நண்பரே, பாதி ஒப்புக்கொள்கிறேன். கேள்வி போடாமல் இந்தத் தேர்வைத் தாண்ட முடியாது. ஆனால் அடித்தளம் இல்லாமல் போட்டால் கேள்விகளின் விடைதான் மனப்பாடம் ஆகும். அதே விஷயத்தை ஆசிரியர் வேறு நோயாளியின் கதையாகக் கேட்டால் கையை விரித்துவிடுவோம். வகுப்பில் அப்படித் தோற்ற தோழிகள் எனக்கு இருந்தார்கள்.

ஒரு நாளைக்கு 20 கேள்வி போதும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் விளக்கத்தை வாசியுங்கள். சரியாகப் போட்டதற்கும் சேர்த்துத்தான். சரியான விடை ஏன் சரி என்பதை விட, மற்ற மூன்றும் ஏன் இப்போது இல்லை என்பதைச் சொந்த வாக்கியத்தில் சொல்லத் தெரிய வேண்டும். 100 கேள்வியை ஓட்டுவதை விட இது பலன் தரும்.

நைட்_டூட்டி

விளக்கம் வாசிப்பதை நானும் விட்டதில்லை, சொல்ல மறந்துவிட்டேன். அதைச் செய்யாமல் வெறும் கேள்வி போட்டால் வீண் என்பது உண்மைதான்.

சொட்டுக்கணக்கு

யாரும் மருந்துக் கணக்கைப் பற்றிப் பேசவில்லையே. பல கல்லூரிகளில் இதற்குத் தேர்ச்சி மதிப்பெண் மற்ற பாடங்களை விட அதிகம், அதனால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். தினமும் ஐந்து கணக்கு, சாப்பிட உட்காருவதற்கு முன்னால்.

சூத்திரம் ஒன்றுதான். எழுதிக் கொடுத்த அளவை, கையில் இருக்கும் அளவால் வகுத்து, அது எவ்வளவு மாத்திரையில் அல்லது திரவத்தில் இருக்கிறதோ அதனால் பெருக்குங்கள். 750 மி.கி. கொடுக்க வேண்டும், பாட்டிலில் 5 மி.லி.க்கு 250 மி.கி. என்றால் 3 பெருக்கல் 5, அதாவது 15 மி.லி.

சூத்திரத்தில் யாரும் தோற்பதில்லை. அலகில்தான் தோற்கிறார்கள். 0.25 மி.கி. எழுதியிருக்கிறது, மாத்திரை 125 மைக்ரோகிராம். முதல் வேலை 0.25 மி.கி.யை 250 மைக்ரோகிராம் ஆக்குவது. அப்புறம் பார்த்தால் 2 மாத்திரை. எடை பவுண்டில் கொடுத்தால் முதலில் 2.2-ஆல் வகுத்துக் கிலோவாக்குங்கள்: 154 பவுண்டு 70 கிலோ. டிரிப் கணக்கில் 1000 மி.லி. 8 மணி நேரத்தில் போக வேண்டும், டிரிப் குழாய் செட்டில் மி.லி.க்கு 15 சொட்டு என்றால் 15,000-ஐ 480 நிமிடத்தால் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு 31 சொட்டு. இங்கே மணி நேரத்தை நிமிடமாக்க மறப்பவர்கள் அதிகம்.

விடை வந்ததும் நின்று, இது ஒரு மனிதருக்குக் கொடுக்கக்கூடிய அளவா என்று கேளுங்கள். 20 மாத்திரை என்று விடை வந்தால் தசமப்புள்ளி எங்கோ நகர்ந்திருக்கிறது. எழுதும்போது புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் போடுங்கள்: 0.5. முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூஜ்யமும் போடாதீர்கள். 5.0 என்பதை அவசரத்தில் 50 என்று ஒருவர் வாசித்துவிட்டால் நோயாளிக்குப் பத்து மடங்கு மருந்து போகும். மதிப்பெண்ணுக்காக இதைச் சொல்லவில்லை.

வீட்டுமொழி

நான் தமிழ் வழியில் படித்துவிட்டு நர்சிங்கை ஆங்கிலத்தில் படித்தவள். அப்படி வந்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்.

புரியாத சொற்களுக்குப் பக்கத்தில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதி வைத்துப் படித்தேன். இலியம் என்று எழுதியிருந்தேன். தேர்வில் அது சிறுகுடலின் கடைசிப் பகுதியா, இடுப்பெலும்பா என்று முழித்தேன். ஆங்கிலத்தில் நடுவில் ஒரே ஓர் எழுத்துதான் மாறும், தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. விழுங்க முடியாத டிஸ்ஃபேஜியாவும் பேச்சு தடைபடும் டிஸ்ஃபேசியாவும் இப்படித்தான் என்னைப் படுத்தின. சொற்களை ஆங்கில எழுத்திலேயே, கையால் எழுதிப் பழகுங்கள்.

அதைவிடச் சொற்களை உடைத்துப் படியுங்கள். பிராடி என்றால் மெதுவாக, டாக்கி என்றால் வேகமாக, ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி, எக்டமி என்று முடிந்தால் வெட்டி எடுப்பது, ஹைப்போ குறைவு, ஹைப்பர் அதிகம். நாற்பது ஐம்பது துண்டுகள் தெரிந்தால் பார்த்திராத சொல்லுக்கும் பொருள் சொல்லிவிடலாம்.

ஆனால் விஷயத்தைப் புரிந்துகொள்வது தமிழில் நடக்கட்டும். நான் தினமும் பாடத்தை என் மாமியாருக்குத் தமிழில் சொல்வேன். அவர் ‘அதனால் என்ன ஆகும்’ என்று கேட்பார். பதில் வராத இடம் எனக்குப் புரியாத இடம்.

ஈரக்காற்று

எல்லோருக்கும் நன்றி. நேற்று வெற்றுத்தாளில் எழுதிப் பார்த்தேன் டீச்சர். மூன்று முறை வாசித்த பாடத்தில் எட்டு வரிதான் வந்தது. பயமாக இருந்தது, ஆனால் எதைப் படிக்க வேண்டும் என்று முதல் முறையாகத் தெரிந்தது.

ரத்த அழுத்தம் பார்க்கும் மறுவாய்ப்பு அடுத்த செவ்வாய். அதற்கும் யாராவது சொல்லுங்கள்.

இரண்டாம்_செமஸ்டர்

அக்கா, எனக்கும் அதே கை நடுக்கம். செய்யும் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்து பழகினேன். கை கழுவுகிறேன், நோயாளியின் பெயரையும் பிறந்த தேதியையும் சரிபார்க்கிறேன், கை இதயத்தின் உயரத்தில் இருக்கிறது, கையில் சுற்றுவதற்குச் சரியான அளவு பட்டையை எடுக்கிறேன். பட்டை சின்னதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும், இதைக் கட்டாயம் கேட்பார்கள். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டே காற்றடித்து, நாடி மறையும் எண்ணைக் குறித்துக்கொள்கிறேன். காற்றை விட்டுக் கொஞ்சம் பொறுத்து, அந்த எண்ணுக்கு மேல் 30 வரை அடிக்கிறேன். வினாடிக்கு 2, 3 புள்ளிகள் இறங்கும்படி மெதுவாக விடுகிறேன். ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் முதல் சத்தம் மேல் எண், சத்தம் நிற்கும் இடம் கீழ் எண்.

வால்வைச் சட்டென்று திறந்துவிடுவதுதான் நடுங்கும் கையின் பிரச்சினை. வீட்டில் யார் கை கிடைத்தாலும் பார்த்துப் பழகுங்கள். பதினைந்தாவது கைக்கு நடுக்கம் போய்விட்டது எனக்கு.

மறுபடி_வந்தவள்

நான் முதல் செமஸ்டரில் தோற்று, மறுபடி சேர்ந்து முடித்தவள். அதனால் ஒன்று சொல்லும் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதல் முறை எனக்குப் படிக்கத் தெரியாமல் போகவில்லை. உதவி கேட்க வெட்கப்பட்டேன். வகுப்பில் 19 வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் நான் மட்டும் பெரியவள், ‘இதுகூடத் தெரியாதா’ என்று நினைப்பார்களோ என்று பேசாமல் இருந்தேன். ஆசிரியரிடம் போனபோது செமஸ்டர் முடிய பத்து நாள்தான் இருந்தது. ‘ஒரு மாதம் முன்னால் வந்திருக்கக் கூடாதா’ என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. நீங்கள் இரண்டாவது தேர்விலேயே தாளைக் கேட்டுப் பார்த்துவிட்டீர்கள். அது பெரிய விஷயம்.

வீட்டிலும் சொல்லுங்கள். ‘படிக்க வேண்டும்’ என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் புரியாது. ‘இரவு 8 முதல் 9.30 வரை பிள்ளைகள் உங்கள் பொறுப்பு’ என்று மணி சொல்லிக் கேளுங்கள். அப்புறம் தூக்கத்தில் கை வைக்காதீர்கள். தேர்வுக்கு முந்தின இரவு விழித்துப் படித்து, மறுநாள் ‘தவிர’ என்ற ஒரு சொல்லைக் கவனிக்காமல் விட்டு நான் இழந்தது எத்தனை கேள்விகளோ.

ஈரக்காற்று

(மூன்று வாரம் கழித்து)

ரத்த அழுத்தம் பார்ப்பதில் தேர்ச்சி. பதினொரு கைகளில் பழகினேன், அதில் இரண்டு என் பிள்ளைகளின் பள்ளி வாகன ஓட்டுநருடையவை.

இன்று காலை தேர்வு முடிவு வந்தது. 78. 50-இல் 39. தவறான 11-இல் ‘இரண்டில் ஒன்று’ வகை 4 மட்டும். மிச்சம் பாதிக்கு மேல் எனக்கு நிஜமாகவே தெரியாதவை, மருந்துகள் பகுதி. அதை எப்படிச் சரிசெய்வது என்று இப்போது தெரியும். கேள்வியை வாசித்ததும் ‘தகவல் போதுமா’ என்று ஓரத்தில் சின்னதாக எழுதிக்கொண்டேன், வார்டு விளக்கு அக்கா. ஏழெட்டு இடத்தில் அது என்னைக் காப்பாற்றியது.

அடுத்த வாரம் நீர், உப்புச் சமநிலை தொடங்குகிறது. எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.

வார்டு_விளக்கு

மிகவும் சந்தோஷம்! அந்தப் பாடத்தில் எண்களை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். ரத்தத்தில் சோடியம் இயல்பாக 135 முதல் 145, அது கலைந்தால் மூளையைப் பாருங்கள்: குழப்பம், வலிப்பு. பொட்டாசியம் 3.5 முதல் 5, அது கலைந்தால் வேறோர் உறுப்பு. எது என்று நான் சொல்லப்போவதில்லை. நோயாளிக்குப் பொட்டாசியம் 6.3. புத்தகத்தைத் திறக்காமல் சொல்லுங்கள், முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

ஈரக்காற்று

இதயம். துடிப்பின் லயத்தைப் பார்ப்பேன், ஈசிஜி மானிட்டரில் போடுவேன். அப்புறம் உடனே டாக்டருக்குச் சொல்வேன்.

வார்டு_விளக்கு

சரி. ஏன்?

ஈரக்காற்று

தாளில் எழுதிவிட்டு இரவு வந்து சொல்கிறேன் அக்கா.